சின்ன கேஸ், பெரிய கேஸ்

“என் வாசலைத் தாண்டி ஒரு பொய் நோயாளி உள்ள போனது கிடையாது. நிஜ நோயாளி ஒருத்தர் வெளிய காத்துக் கிடந்ததும் கிடையாது. இருபது வருஷமா என் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பினதில்ல!”

கிளினிக்கின் ஆண்டு விழாவில், கையில் மைக்கும் கன்னத்தில் கேக் கிரீமுமாக டோக்கன் அக்கா இப்படி முழங்கியபோது கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். டாக்டர் எழுந்து நின்றே தட்டினார். கம்பவுண்டர் விசிலடித்தார். தட்டாமல் இருந்தவர்கள் யாரென்றால், அன்றைக்கு அங்கே வராதவர்கள்தான்.

டோக்கன் அக்கா டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வாசலுக்கு நேரே மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு எண் போட்ட பிளாஸ்டிக் வில்லையைக் கொடுத்து, முறைப்படி உள்ளே அனுப்புவது அவர் உத்தியோகம். ஆனால் முறை என்பது சாதாரண ஜனங்களுக்கு. உண்மையான அவசரம் வந்தால் முறையை உடைத்து முதலில் அனுப்பலாம். எது உண்மையான அவசரம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அக்காவிடம் இருந்தது. அதை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. மேசை வாசலுக்கு நேரே இருந்ததால் தானாக வந்து சேர்ந்தது.

அவருடைய விஞ்ஞானத்துக்கு மூன்று தூண்கள். முதலாவது நடை. இரண்டாவது பெருமூச்சு; அதில் எது வலி, எது மாமியார் என்று அவர் பிரித்துச் சொல்லுவார். மூன்றாவதும் தலையாயதும் செருப்பு. நிஜமாகவே உயிர் போகிறவன் செருப்பை எங்கே விட்டோம் என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். ஒன்று வாசலில் கவிழ்ந்து கிடக்கும், மற்றது தெருவில் கிடக்கும். ஆனால் செருப்பை ஜோடி சேர்த்து, சுவரோரமாக, நுனி வெளியே பார்க்க விட்டுவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தால் அவளுக்கு ஒன்றுமே இல்லை. கிளம்பும்போது மாட்டிக்கொள்ள வசதி பார்க்கிறவளுக்கு நோய் எங்கிருந்து வரும்?

இந்தச் சோதனையில் ஆண்கள் ஏறக்குறைய எல்லோரும் தேறினார்கள். பெண்கள் ஏறக்குறைய எல்லோரும் கோட்டை விட்டார்கள். ஆண்கள் எந்த நாளும், எந்த வாசலிலும் செருப்பை அப்படித்தான் உதறுவார்கள் என்பது மட்டும் அக்காவின் ஆராய்ச்சியில் இடம்பெறவில்லை.

தீர்ப்பை உள்ளே தெரிவிக்க மேசையில் ஓர் இன்டர்காம் இருந்தது. ஆரம்ப காலத்தில் அதனால் ஒரு குழப்பம் நேர்ந்தது. வயிற்றில் இருப்பதும் கேஸ், வாசலில் வருவதும் கேஸ். “டாக்டர், ஒரு கேஸ் வந்திருக்கு” என்று அக்கா சொன்னால், தலையை நிமிர்த்தாமல் வாயுவுக்கான மருந்தை எழுதி வைத்துவிடுவார் டாக்டர். ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்த பெயின்டர் ஒருவர் பாட்டில் நிறைய ரோஸ் நிறத் திரவத்தோடு வீட்டுக்குப் போன பிறகுதான் அக்கா ஒரு சீர்திருத்தம் கொண்டு வந்தார். வாயு என்றால் ‘சின்ன கேஸ்’. உயிருக்கு ஆபத்து என்றால் ‘பெரிய கேஸ்’. பெரிய கேஸ் என்று கேட்டால் டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடி வர வேண்டும். சின்ன கேஸ் என்றால் அசைய வேண்டியதில்லை. டாக்டருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது, முக்கியமாக இரண்டாவது பாதி.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த ஆண்கள் பெரிய கேஸ் ஆனார்கள். ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்று வந்த பெண்கள் சின்ன கேஸ் ஆனார்கள். தையல் கடை வைத்திருந்த ஒரு பெண்மணி, தோள்பட்டையில் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்று ஒரு மழை நாளில் வந்தார். செருப்பு நேராக இருந்தது. சின்ன கேஸ். ரோஸ் திரவத்தை வாங்கிக்கொண்டு போனவர், தன் மஞ்சள் குடையை மறந்து விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவேயில்லை.

“பாத்தீங்களா, ஒரே பாட்டில்ல குணம்!” என்றார் அக்கா. அவர் கணக்கில் திரும்பி வராதவர்கள் எல்லோரும் குணமானவர்கள். கேட்க ஆளில்லாத குடை மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. மழை வந்தால் அக்காவே எடுத்துப் பிடித்துக்கொண்டு போவார்.

திரும்பத் திரும்ப வருகிறவர்களும் உண்டு. அவர்களில் முதலிடம் ‘நாடகக் கம்பெனி’க்கு. அது ஒரு கம்பெனி அல்ல, ஒற்றைப் பெண்மணி. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. இன்றைக்கு முழங்கை, அடுத்த முறை காது, அதற்கடுத்த முறை ‘உள்ளங்கால் துடிக்குது’. பட்டப்பெயரை வைத்தவர் அக்காதான். மெதுவாகத்தான் சொல்லுவார், ஆனால் அக்காவின் மெதுவான குரல் பக்கத்துக் கடை வரை கேட்கும்.

அக்காவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது இந்தப் பின்னணியில்தான். அதுவும் ஒரேயடியாக வரவில்லை. சில நாளாகவே மாடிப்படி நீண்டுகொண்டே போவது போல இருந்தது. துணி காயப்போட்டால் கை கனத்தது. எதுவும் செய்யாமலே களைப்பு. தூங்கி எழுந்தால் இன்னும் களைப்பு. ஒரு காலையில் பல் தேய்க்கும்போது கீழ்த்தாடையில் ஒரு வலி கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, முதுகுக்கு மேல்பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. நெஞ்சில் வலி என்று சொல்ல முடியாது. யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல, அவ்வளவுதான்.

அவருடைய கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர். பக்கத்தில் இருப்பவர் தப்பு செய்வார் என்று எதிர்பார்த்து, காலடியில் ஒரு தனி பிரேக்கோடு வாழ்கிறவர்.

“என்னங்க, தாடை வலிக்குது.”

“நேத்து உன் தங்கச்சிகிட்ட எவ்வளவு நேரம் பேசின? வலிக்காம என்ன பண்ணும்?”

“முதுகும் வலிக்குதுங்க. வயித்தைப் பிரட்டுது.”

“வயசு ஆகுதும்மா. வண்டி பழசானா நாலு சத்தம் வரத்தான் செய்யும். நீதான் தெனமும் டாக்டர் வீட்டு வாசல்லயே உக்காந்திருக்கியே, ஒரு வார்த்தை கேட்டுக்க வேண்டியதுதானே?”

அக்காவுக்கு இது நியாயமாகப் பட்டது. ஊரில் எல்லோருக்கும் டாக்டர் உண்டு. ஆனால் சொந்தமாக ஒரு டாக்டர் தனக்கு மட்டும்தான் உண்டு என்று அவர் உள்ளூர நம்பினார். இருபது வருஷமாக அந்த மனிதரை வேண்டாத விருந்தாளி, விற்பனைப் பிரதிநிதி, கடன்காரன், சொந்தக்காரன் எல்லோரிடமிருந்தும் காப்பாற்றி வந்தவர் அவர். டாக்டர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது ‘ஆபரேஷன்ல இருக்கார்’ என்று சத்தியம் செய்தவர். அந்தக் கிளினிக்கில் ஆபரேஷன் தியேட்டரே கிடையாது.

அன்று மழை பிடித்துக்கொண்டது. மஞ்சள் குடையைப் பிடித்தபடி அக்கா வந்து சேர்ந்தபோது நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றினார். இருபது வருஷப் பழக்கம். கால் தன்பாட்டுக்குச் செருப்பை ஜோடி சேர்த்து, சுவரோரமாக ஒதுக்கி, நுனியை வெளியே திருப்பி வைத்தது.

கம்பவுண்டர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. டாக்டரைக் கொஞ்சம் வரச் சொல்லு.”

“ஒரு மாதிரின்னா எந்த மாதிரிக்கா?”

“சொல்லத் தெரியல. தாடை வலி. முதுகு வலி. மூச்சு வாங்குது.”

கம்பவுண்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தலை வாரியிருந்தது. நடந்துதான் வந்திருந்தார். பிறகு நல்ல மாணவனுக்குரிய அடக்கத்தோடு வாசலை எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு இன்டர்காமை அழுத்தினார்.

“டாக்டர், நம்ம டோக்கன் அக்காவுக்கு ஏதோ முடியலையாம்.”

பெட்டி கரகரத்தது. “சின்ன கேஸா, பெரிய கேஸா?”

கம்பவுண்டர் ஒரு கணம் யோசித்தார். குறுக்குவழியில் போகவில்லை, முறைப்படிதான் யோசித்தார். “செருப்பை நேரா விட்டிருக்காங்க டாக்டர். சின்ன கேஸ்தான்.”

“அந்த ரோஸ் மருந்துல ஒரு மூடி குடுப்பா. மத்தவங்களைப் பாத்துட்டுக் கூப்பிடறேன். நம்ம வீட்டு ஆளுதானே, தப்பா நெனைச்சுக்க மாட்டாங்க.”

அக்கா தன் காதால் கேட்டார். தானே உண்டாக்கிய இரண்டு வார்த்தைகள் தன் தலையிலேயே வந்து இறங்கியதைக் கேட்டார். அதைவிட அந்த ‘நம்ம வீட்டு ஆளு’தான் சுருக்கென்றது. வீட்டு ஆள் என்பது கடைசியில் காத்திருக்கிற ஆள் என்று அவருக்கு அதுவரை யாரும் அர்த்தம் சொல்லவில்லை.

கம்பவுண்டர் சட்டதிட்டப்படி ஒரு டோக்கனை அவர் கையில் வைத்தார். பதினேழு.

நோயாளிகளின் பெஞ்சில் அக்கா முதன்முறையாக உட்கார்ந்தார். அதற்கு ஒரு கால் குட்டை என்பது அப்போதுதான் தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் தன் மேசை நீதிபதியின் மேசை போல உயரமாக இருந்தது. ரோஸ் திரவத்தை விழுங்கினார். அது போன வேகத்தில் திரும்பி வரப் பார்த்தது. மழைக் குளிருக்கு மற்றவர்கள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முதுகில் வேர்வை ஓடியது.

‘இன்னொரு தடவை கேக்கலாமா?’ என்று யோசித்தார். கேட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாவது முறை கேட்கிறவளுக்கு அவரே வைத்திருந்த பெயர் ‘நச்சரிப்பு’. நச்சரிப்புகளை அவர் வரிசையில் இன்னும் இரண்டு பேருக்குப் பின்னால் தள்ளுவது வழக்கம். வாயை மூடிக்கொண்டார்.

பக்கத்தில் சால்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. நாடகக் கம்பெனி.

“ஏம்மா டோக்கன், இந்தக் குளிர்ல உனக்கு ஏன் இப்படி ஊத்துது?”

“ஒண்ணுமில்ல. கேஸ்.”

“எங்க வலி?”

“தாடையில. முதுகுல.” சொல்லிவிட்டு மூச்சு விட நிறுத்தினார். “ஏதோ அழுத்தற மாதிரி.”

நாடகக் கம்பெனியின் முகத்திலிருந்து நாடகம் முழுக்க இறங்கிப்போனது. “எங்க அக்காவுக்கும் தாடைதான் வலிச்சது. பல் டாக்டர்கிட்ட போனா. பல்லைப் பிடுங்கி அனுப்பினாரு. ரெண்டே நாள்ல அவளும் போயிட்டா, ஹார்ட் அட்டாக்னு அப்புறம் சொன்னாங்க. அதிலேர்ந்துதான் நான் முழங்கை வலிச்சாக்கூட இங்க ஓடி வர்றேன். நீ எனக்கு ஒரு பேரு வெச்சிருக்கறது எனக்குத் தெரியும்.”

 

நாடகக் கம்பெனி எழுந்து மேசைக்குப் போனார். “கம்பவுண்டரே, இவங்களுக்கு நெஞ்சுல ஏதோ. டாக்டரை வரச் சொல்லுங்க.”

“நீங்க உக்காருங்கம்மா, உங்க நம்பர் இன்னும் வரல” என்றார் கம்பவுண்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. நாடகக் கம்பெனி சொல்லி, அதுவும் சின்ன கேஸுக்கு, டாக்டரை எழுப்புவதா? அவருக்கும் வேலை முக்கியம் அல்லவா?

அந்த அம்மாள் சண்டை போடவில்லை. போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

“ஹலோ, இங்க ஒரு ஆளு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாரு… ஆமா, ஆம்பளைதான். பெரிய ஆபீசரு. வேர்த்துக் கொட்டுது. சீக்கிரம் வாங்க!”

அக்கா ஈனசுரத்தில் கேட்டார்: “எதுக்கு ஆம்பளைன்னு சொன்னீங்க?”

“ஒரு மாதிரியா இருக்கற பொம்பளைக்கு வண்டி என்னிக்கு வேகமா வந்திருக்கு? நீ பேசாம இரு. இன்னிக்கு ஒரு நாள் நீ ஆபீசரு.”

ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்து நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு குதித்து ஓடி வந்தார்கள்.

“எங்கங்க அவரு?”

“இவங்கதான் அவரு.”

மூத்தவர் முறைத்தார். “என்னம்மா விளையாட்டு இது? யாரா இருந்தாலும் நாங்க ஒரே வேகத்துலதான் வருவோம்.”

“ரொம்ப சந்தோஷம். அப்ப திட்டறதை அப்புறம் திட்டுங்க, மொதல்ல பாருங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒயர்களை ஒட்டினார். ஈ.சி.ஜி. பெட்டி ஒரு தாளைத் துப்பியது. அதைப் பார்த்ததும் முணுமுணுப்பு நின்றுவிட்டது. ஒரு மாத்திரையை அக்காவின் வாயில் போட்டு மென்று விழுங்கச் சொன்னார். “தூக்கு” என்றார் கூட வந்தவரிடம். அந்த ஒற்றை வார்த்தைதான் அன்றைக்கு அக்காவின் உடம்பைப் பற்றி மருத்துவ உத்தியோகத்தில் இருக்கிற ஒருவர் கிண்டலில்லாமல் சொன்ன முதல் வார்த்தை.

ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டும்போது சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். அவிழ்ந்திருந்த ஒரு ஷூ லேஸைக் குனிந்து கட்டிக்கொண்டே, “யாருப்பா பெரிய கேஸ்?” என்று கேட்டார்.

பெரிய மருத்துவமனையில் அடைப்பை நீக்கி, ரத்தக் குழாய்க்குள் ஒரு ஸ்டென்ட்டை வைத்தார்கள். அக்கா கண் விழித்தபோது இதய மருத்துவர் கட்டிலருகே நின்றிருந்தார், சின்ன வயதுப் பெண்.

“எத்தனை நாளா களைப்பு இருந்தது? பொம்பளைங்களுக்கு நெஞ்சு அழுத்தத்தோட தாடை, முதுகு, குமட்டல், மூச்சு வாங்கறதுன்னு கலந்து வரும்மா. சிலருக்கு நெஞ்சு வலிக்கவே வலிக்காது. நீங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கணும்.”

“எல்லார்கிட்டயும் சொன்னேம்மா” என்றார் அக்கா.

மாலையில் டாக்டர் ஆப்பிள் கூடையோடு வந்தார். அக்காவின் கணவர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்.

“நீங்க மட்டும் இல்லேன்னா டாக்டர்…”

மறுத்துச் சொல்ல டாக்டருக்கு ஓர் இடைவெளி கிடைத்தது. அதை அவர் மிகுந்த பெருந்தன்மையோடு கடந்து போனார்.

“வாசல்லயே பிடிச்சிட்டேன். இந்தம்மா உள்ள வந்த நடையைப் பாத்ததுமே எனக்குப் பொறி தட்டிடுச்சு. உடனே ஆம்புலன்ஸ்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று இருவரும் நினைத்து, குரலைத் தாழ்த்தி, பாராட்டைத் தொடர்ந்தார்கள்.

கணவர் வெளியே போனதும் கண்ணைத் திறந்தார். “டாக்டர், நான் கூப்பிட்டப்ப ஏன் நீங்க வெளிய வரல?”

டாக்டர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “சின்ன கேஸ்னாங்களே! சின்ன கேஸுக்கு நான் எழுந்திருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? உங்க முறையை நீங்களே குத்தம் சொல்லலாமா டோக்கனம்மா?”

ஆப்பிள் ஒன்றை எடுத்துத் தன் கோட்டில் துடைத்து, யோசனையோடு கடித்துக்கொண்டே அவர் விடைபெற்றார்.

உடம்பு தேறி அக்கா வேலைக்குத் திரும்பியபோது, அவருடைய கதை அவருக்கு முன்பே கிளினிக்குக்கு வந்து சேர்ந்திருந்தது. டாக்டர் அதைப் புது நோயாளிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதைக்குள் அவர் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடி வந்தார். கம்பவுண்டருக்கும் அதில் ஒரு பாத்திரம் கிடைத்திருந்தது. அந்தக் கதையில் இடம் கிடைக்காத ஒரே ஆள் நாடகக் கம்பெனி. ஒரு கம்பெனிக்கு இதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்?

அக்கா யாரையும் திருத்தவில்லை. வேலை வேண்டும், மாத்திரை இனி ஆயுளுக்கும் வேண்டும். முதல் வேலையாக மஞ்சள் குடையை ஆணியிலிருந்து எடுத்தார். பின்சுவரிலிருந்து கொண்டுவந்து, தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி வாசல் கம்பியில் மாட்டினார். மழை வந்தபோது நனைந்துகொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்து, குட்டையாக இருந்த பெஞ்சுக் காலுக்கு ஒரு மரத்துண்டு வைத்தார். தையல் கடை இருந்த தெருவுக்கு ஒரு முறை போய்வந்தார். அங்கே இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். முன்னால் இருந்த அம்மாவைப் பற்றி அவர்களுக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு நாள், கூட்டம் நிரம்பி வழிந்த நேரத்தில், ஒரு பெண்மணி வந்தார். சிரித்த முகம். வாரிய தலை. செருப்பு ஜோடியாக, சுவரோரமாக, நுனி வெளியே பார்க்க.

“ஒண்ணும் பெருசா இல்லக்கா. ஒரு மாதிரியா இருக்கு. இங்க, மேல் வயித்துல.”

அக்காவின் மூன்று தூண்களும் ஒரே குரலில் சாட்சி சொல்லின. இருபது வருஷ அனுபவம் உள்ளே எழுந்து நின்று ‘சின்ன கேஸ்’ என்றது. அக்கா அதை உட்காரச் சொல்லிவிட்டு இன்டர்காமை அழுத்தினார்.

“டாக்டர், பெரிய கேஸ்.”

நாற்காலி விழும் சத்தம் கேட்டது. டாக்டர் ஓடி வந்தார், கம்பவுண்டர் ஓடி வந்தார், அந்தப் பெண் திகைத்துப் போய்ப் படுக்கவைக்கப்பட்டார், ஒயர்கள் ஒட்டப்பட்டன, தாள் வந்தது. எல்லாம் முடிந்து சற்று நேரத்தில், சுவர் அதிர ஒரு ஏப்பம் விட்டு, “இப்ப தேவலாம்” என்று வெட்கத்தோடு சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வரிசையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, “என்ன டோக்கனம்மா இது! அது கேஸ்! வெறும் கேஸ்! இருபது வருஷத்துல முதல் தடவையா உங்க கணக்கு தப்பிடுச்சே!” என்றார்.

அக்கா அடுத்த டோக்கனை எடுத்துத் துடைத்தார். வாசலில் இன்னொரு ஜோடிச் செருப்பு நேராக வந்து அமர்ந்துகொண்டிருந்தது.

“முதல் தடவை இல்ல டாக்டர்” என்றார்.